மட்டி வறுவலும் மரத்துப்போன சம்பந்திகளும்

ஒரு விஷயத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். முழுதாகத் தெரிந்தவர்களும் ஓரளவு நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள். அதைப் பற்றி ஒரே ஒரு பத்தி மட்டும் படித்தவர்கள்தான் ஆபத்தானவர்கள். தாங்களும் நடுங்கி, சுற்றி இருப்பவர்களையும் நடுங்க வைப்பார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் புதுச்சேரியில் அப்படி ஒரு பத்தி படித்த பெண்ணாக நான் இருந்தேன்.

லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். கடல் நீரில் மிதக்கும் கண்ணுக்கு எளிதில் தெரியாத உயிர்களை, அதாவது மிதவை உயிரிகளை, ஆராய்வது எனக்குக் கொடுத்திருந்த வேலை. ஊர்க் கழிவுநீர் கலக்கும் இடத்தில் அவை எப்படி இருக்கின்றன, மற்ற இடங்களில் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஒரு சைக்கிள், ஒரு வாளி, ஒரு மெல்லிய வலை, சில கண்ணாடிப் புட்டிகள். இவைதான் என் ஆய்வுக்கூடம்.

"கடல் தண்ணிய வடிகட்டி என்னாடி பண்ணப் போற? உப்பு கூட வரமாட்டேங்குது" என்பாள் அம்மா.

அந்த வருடம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. மழை விட்டதும் வந்த ஞாயிற்றுக்கிழமை, முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டில் சம்பந்தி விருந்து. எனக்கும் சேகருக்கும் நிச்சயம் முடிந்து, தையில் கல்யாணம் என்று பேசியிருந்தது. சேகரின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. (சிப்பாயை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.) சைகோன் வரை போய்த் துப்பாக்கி பிடித்தவர். முறுக்கு மீசை. அவர் தெருவில் நடந்து வந்தால் சாய்ந்து நிற்கும் சைக்கிள்கள்கூட நிமிர்ந்துகொள்ளும் போலிருக்கும். "சம்பந்திக்கு என்ன பிடிக்கும்?" என்று அம்மா கேட்டு அனுப்பியதற்கு ஒரே வார்த்தையில் பதில் வந்தது: "மட்டி."

மட்டி என்பது ஒரு வகைக் கடல் சிப்பி. அதன் ஓட்டைப் பிளந்து, உள்ளே இருக்கும் சதையை எடுத்து, மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தால் மட்டி வறுவல். அம்மா அதில் கெட்டிக்காரி.

விருந்தாளிகள் வருவதற்குள் ஒரு புட்டி கடல் நீர் எடுத்து வந்துவிடலாம் என்று காலையில் கிளம்பினேன். "இன்னிக்குக் கூடவா? வெயில்ல கருத்துப் போய் வந்து நின்னா அவங்க நிச்சயத்த திருப்பிக் குடுத்துடுவாங்க" என்று அம்மா கத்தியது தெருமுனை வரை கேட்டது.

வைத்திக்குப்பத்துக் கரையில் இறங்கினேன். கடல் சிவப்பாக இருந்தது. கரையோரம் முழுக்கத் தக்காளி ரசத்தைக் கொட்டியதுபோல் ஒரு பட்டை. அலை வந்து மணலில் விழும்போது நுரையும் வெள்ளையாக இல்லை. படகுகள் எல்லாம் மேலே ஏறிக் கிடந்தன. எப்போதும் இரைச்சலாக இருக்கும் இடத்தில் ஆட்கள் பேசாமல் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காலடியில் சின்னச் சின்ன மீன்கள், வாயைத் திறந்தபடி செத்து ஒதுங்கியிருந்தன. திறந்த வாய் என்றால் சாதாரணமாக இல்லை. எதையோ சொல்ல வந்து, சொல்லி முடிக்காத வாய்.

"உள்ள எறங்காதம்மா, தண்ணி கெட்டுப் போயிருக்கு" என்றாள் கூடையோடு நின்ற ஒரு பெண்.

ஓரத்தில் குனிந்து புட்டியில் மொண்டேன். தூக்கிப் பார்த்தால் ஜவ்வரிசியை நொறுக்கிப் போட்டதுபோல் புள்ளிப் புள்ளியாக ஏதோ மிதந்தது. என்ன அது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது மனசு சும்மா இருக்குமா? நான் படித்த அந்த ஒரு பத்தி எழுந்து நின்றது.

அந்தப் பத்தி சொன்னது இதுதான்: கடலில் சில வகை மிதவை உயிரிகள் திடீரென்று பெருகினால் நீரின் நிறம் மாறும். அவற்றுள் சில நஞ்சு உடையவை. மட்டி போன்றவை நீரை வடிகட்டித் தின்பதால் அந்த நஞ்சு அவற்றின் உடம்பில் சேரும். சமைத்தாலும் போகாது. அதைத் தின்றவருக்கு முதலில் உதடு மரமரக்கும். பிறகு விரல்கள். பிறகு மூச்சு.

மட்டி!

நான் அன்று சைக்கிள் மிதித்த வேகத்தில் அதற்கு முன்னும் மிதித்ததில்லை, பின்னும் மிதித்ததில்லை. வழியெல்லாம் ஒரே வேண்டுதல். சம்பந்தி வீட்டார் தாமதமாக வர வேண்டும். ரிக்‌ஷா பஞ்சராக வேண்டும். யாருக்காவது லேசாகக் காய்ச்சல் வந்தாலும் பரவாயில்லை.

வீட்டு வாசலில் புதுச் செருப்புகள் வரிசையாக இருந்தன. உள்ளே கூடத்தில் பாய் விரித்து, இலை போட்டு, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தாகிவிட்டது. சொல்தா மாமா, அவர் மனைவி சரோஜா அத்தை, சேகர், என் அப்பா. மாமாவின் இலையில் மட்டி குவிந்திருந்தது.

"த்ரே பொன்!" என்றார் மாமா, வாய் நிறைய மென்றபடி. (பிரமாதம் என்று அர்த்தமாம். எனக்கு அது இரங்கல் செய்திபோல் கேட்டது.)

சமையலறைக்குள் ஓடி அம்மாவின் கையைப் பிடித்தேன். "அம்மா, மட்டி எங்கேர்ந்து வந்துது?"

"மீன்காரி கொண்டாந்தா. கடல்லேர்ந்துதான் வரும். பின்ன, மரத்துல காய்க்குமா?"

"நீ சாப்பிட்டியா?"

"உப்பு பாக்க நாலு எடுத்துப் போட்டுக்கிட்டேன். ஏன்டி இப்படி வெளுத்துப் போயிருக்க?"

அம்மாவும் போச்சு. சொன்னால், சம்பந்திக்கு விஷம் வைத்த குடும்பம் என்று ஊர் சிரிக்கும். சொல்லாமல் விட்டால் கூடத்தில் வரிசையாகப் படுத்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தேன். மீதி மட்டி இருந்த சட்டியைத் தூக்கி அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். (படித்த பெண் இல்லையா!)

"இன்னும் கொஞ்சம் மட்டி வைம்மா" என்று மாமாவின் குரல் வந்தது.

"தீந்து போச்சு மாமா!"

"அதெப்படித் தீரும்? ஒரு சட்டி இருக்கே" என்று அம்மா எழுந்து தேடி, கண்டுபிடித்து, கொண்டுபோய் அவர் இலையில் கவிழ்த்தாள். சரோஜா அத்தை என்னைப் பார்த்த பார்வையில், கல்யாணத்துக்கு முன்னாலேயே ஒளித்து வைக்கிறாளே என்கிற கணக்கு ஓடியது.

நான் கதவோரம் நின்று மாமாவின் வாயையே பார்த்தேன். அவர் நாக்கால் உதட்டைத் தடவினார். மறுபடி தடவினார். என்னால் தாங்க முடியவில்லை.

"மாமா... உதடு மரமரன்னு இருக்கா?"

மாமா யோசித்தார். விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். "ஆமா, இருக்கு. ஏம்மா?"

"எனக்குங்கூட சுறுசுறுன்னுதான் இருக்கு" என்றார் அப்பா.

"வெரல்?"

எல்லாரும் விரல்களை மடக்கிப் பார்த்தார்கள். அதுவரை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த விரல்கள், கேட்டதும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தன. சரோஜா அத்தை பதறி எழுந்திருக்கப் பார்த்து, அப்படியே பாயில் சாய்ந்தார். "ஐயோ, எனக்குக் காலே இல்ல! கால் மரத்துப் போச்சு!"

அவ்வளவுதான். "மட்டியில விஷம்! கடல் செவந்து கெடக்கு!" என்று அலறிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை விருந்து என்று சொல்ல முடியாது. நான்தான் உப்புக் கரைத்த தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் கொண்டுவந்தேன். வாந்தி எடுக்க வைக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. கொல்லையில் அப்பா ஒரு மூலை, அம்மா ஒரு மூலை. அத்தையைச் சேகர் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தார். சேகர் மட்டி தின்பதில்லை என்பதால் வெறும் சாம்பாரோடு தப்பித்திருந்தார். மாமாவோ முருங்கை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மமாங்! மமாங்!" என்று அழுதார். அம்மா என்பதற்கு அது பிரெஞ்சு என்று சேகர் பிற்பாடு சொன்னார்.

இரண்டு ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த இளம் டாக்டர் அப்படி ஒரு நஞ்சைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. நான் விளக்கினேன். உதடு, விரல், மூச்சு என்று வரிசையாக விளக்கினேன். என் விளக்கத்தில் அவரும் பயந்துபோய் நால்வரையும் படுக்க வைத்துவிட்டார்.

அந்த மதியம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நான்கு கட்டில்களுக்கும் நடுவில் நின்று நான்கு மார்புகள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று சற்று மெதுவாகத் தெரிந்தாலும் என் மூச்சு நின்றுவிடும். அம்மா கூப்பிட்டாள். குனிந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அப்பாவுக்குச் சக்கர போடாம காப்பி குடு. கேட்டாலும் போடாத" என்றாள். அதுவரை அழாமல் இருந்த நான் அங்கே உடைந்துவிட்டேன். அவள் கையை என் கன்னத்தில் வைத்துக்கொண்டு, அது சூடாக இருக்கிறதா என்று மறுபடி மறுபடி பார்த்தேன். சேகர் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கும் அப்பா, அம்மா இரண்டு பேருமே கட்டிலில்தானே இருந்தார்கள்.

வெயில் சாய்ந்தது. யாரும் சாகவில்லை. அதற்கு மாறாக எல்லாருக்கும் பசித்தது. மாமா ரொட்டி கேட்டார். சரோஜா அத்தை தானாக எழுந்து நடந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர், வெகுநேரம் சம்மணம் போட்டதில் கால் மரத்திருக்கிறது. டாக்டர், "சாப்பாட்டுல வேற என்ன போட்டீங்க?" என்று கேட்டபோது அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சம்பந்தி பட்டாளத்துக்காரராச்சேன்னு, மொளகு ஒரு கை கூடவே போட்டுட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாள் கல்லூரியில் அந்தப் புட்டியை நுண்நோக்கியின் கீழ் வைத்தேன். உருண்டையாக, பலூன்போல், ஒரு சின்ன வாலோடு இருந்தன. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்; மனிதனுக்கு அவை நஞ்சு இல்லை. ஆனால் மீன்கள் செத்தது பொய் இல்லையே. மழையில் வயல்களின் உரமும், ஊரின் சாக்கடையும் சேர்ந்து கடலுக்குப் போகின்றன. செடிக்குப் போட்ட எரு கடலில் இருக்கும் நுண்ணிய பாசிகளுக்கும் எருதான். அவை தாறுமாறாகப் பெருகுகின்றன. அவற்றைத் தின்ன இந்தப் பலூன்கள் பெருகுகின்றன. பிறகு மொத்தக் கூட்டமும் செத்து அழுகும்போது நீரில் இருக்கும் பிராணவாயு தீர்ந்துபோகிறது. மீன்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன. கடலுக்கு நாம் வலுக்கட்டாயமாக ஊட்டிய விருந்து அது. ஆளில்லாத ஆய்வுக்கூடத்தில் இதைப் புரிந்துகொண்டபோது நேற்றைய பயம் போய், வேறொரு பயம் வந்து உட்கார்ந்தது. மிளகு என்று சொல்லி அதைத் தள்ளிவிட முடியவில்லை.

சம்பந்தி வீட்டில் இருந்து வெகுநாள் ஒரு சொல்லும் இல்லை. கல்யாணம் நின்றுவிட்டது என்றே அம்மா முடிவுகட்டி, பட்டுப் புடவையைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். ஒருநாள் சேகர் மட்டும் வந்தார்.

"அப்பா கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லச் சொன்னாரு" என்றார்.

"கோவம் போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் போகல. ஆனா இந்த எடம் நின்னு போனா, நீங்க முருங்க மரத்து விஷயத்த ஊரெல்லாம் சொல்லிடுவீங்களாம். ஒரே குடும்பமாயிட்டா வெளிய போவாதாம்."

இப்படியாக, பிரெஞ்சுப் பட்டாளத்தின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக எனக்குத் தையில் கல்யாணம் நடந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் மருமகள்கள் எல்லாரும் கடைசியில்தான் சாப்பிடுவார்கள். மாமனார், மாமியார், புருஷன், கொழுந்தன் என்று எல்லாரும் கை கழுவிய பிறகு சட்டியில் மிஞ்சியது அவர்களுக்கு. என் தோழிகள் அதைச் சொல்லி அழுதிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கஷ்டம் ஒருநாள்கூட வந்ததில்லை. நான் எதைச் சமைத்தாலும், சுட்ட அப்பளமாக இருந்தாலும், சரோஜா அத்தை முதல் இலையை எனக்குத்தான் போடுவார்.

"நீ மொதல்ல சாப்புடும்மா. நாங்க கொஞ்சம் பொறுத்து ஒக்கார்றோம்" என்பார், மிகுந்த பாசத்தோடு.