பதினொரு பாயின்ட்

ட்ராசா, லவுட்டோக்கா, ஃபீஜி
நவம்பர் 2000

பிரிஸ்பேன் மாநகரில் சகல சௌகரியங்களோடும் வாழ்கிற தம்பி பாலசுப்பிரமணிக்கு, நீ விட்டுப்போன ஊரிலிருந்து அண்ணன் நடராஜன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அண்ணி ஊர்மிளாவும் மாடுகளும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகம். அங்கே நீயும் இந்திராவதியும் சுகமா என்று கேட்பது முறை, அதனால் கேட்டிருக்கிறேன். பதில் எழுத வேண்டாம். சுகமாகத்தான் இருப்பீர்கள். என் மகளையும் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகு சுகத்துக்கு என்ன குறை.

நீ போனில் சொன்னதைக் கேட்டேன். ஷாயல் அடுத்த பந்தயத்துக்குக் கொரியா போகமாட்டாள், ஃபீஜிக்கும் திரும்ப மாட்டாள், உன் வீட்டில் இருந்துகொண்டு நர்ஸுக்குப் படிப்பாள் என்றாய். அப்போது திட்ட முடியவில்லை. அது அப்பலசாமி கடை போன். உப்பு வாங்கும் சாக்கில் நாலு பேர் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். ஆகையால் கடுதாசி. ஷாயலுக்குத் தமிழ் வாசிக்க வராது, அதனால் இதை ஒரு வரி விடாமல் நீயே அவளுக்கு வாசித்துக் காட்டு. திட்டுகிற இடத்தில் குரலைத் தாழ்த்தாதே.

இத்தனைக்கும் ஆரம்பம் உன் வீட்டுப் பெட்டிதான். எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது தலைநகர் சுவாவில். இங்கே ட்ராசாவில் ஒரு பட்டாசுகூட வெடிக்கவில்லை, நீ அதற்குள் பெட்டி கட்டிவிட்டாய். போனவன் சும்மா இருந்தாயா, கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் உன் பிள்ளைகள் கழித்துப்போட்டதை எல்லாம் பெட்டியில் அடைத்து எங்களுக்கு அனுப்பினாய். அதில் ஒரு வருஷம் வந்ததுதான் அந்தச் சக்கர பூட்ஸ். நாலு சக்கரமும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் நிற்கும். இதன் பேர் இன்லைன் என்றாள் ஷாயல். நம் பாட்டன் மதராஸிலிருந்து கப்பலில் வந்து கரும்புத் தோட்டத்துக் கூலி லைனில் கிடந்து, அப்பா லைனை விட்டு வெளியே வந்து நிலம் பிடித்து, கடைசியில் பேத்தி இன் லைனா என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. கோயில் மண்டபத்துச் சிமென்ட் தரையில் சுற்றிச் சுற்றி ஓடினாள், பூசாரி துரத்தினார், அப்புறம் மில் ரோட்டில் ஓடினாள். வேகமாக ஓடக் கற்றுக்கொண்டாள். நிற்க மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

இந்த மே மாதம் மறுபடியும் ஆரம்பித்தார்கள் இல்லையா, பார்லிமென்டுக்குள் நம் இந்தியப் பிரதமரையே பிடித்து வைத்துக்கொண்டு, டூரிஸ்ட் நின்னான், பஸ் பாதி நின்னுது, ரோடு காலி. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோ கேட்கிறது, இவளுக்கு மட்டும் ஓடுவதற்கு வசதியாகப் போயிற்று. ஒரு நாள் சரிவில் இறங்கி வருகிறாள், கீழே சிப்பாய்கள் டிரம் வைத்து மறித்திருக்கிறார்கள், நில் என்று கை காட்டுகிறார்கள், இவளுக்குத்தான் நிற்கத் தெரியாதே, இரண்டு டிரம்முக்கு நடுவே பூந்து போய்விட்டாள். ஒருத்தன் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். அப்புறம் சிரித்துவிட்டானாம். மறுநாளிலிருந்து அவள் வருகிற நேரம் பார்த்து டிரம்மை நகர்த்தி வைத்து, 'கோ, கோ' என்று கத்தினானாம். என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கி முருங்கைக்காய் மூட்டையைக் கத்தியால் குத்திப் பார்த்தவனும் அவன்தான்.

அப்புறம்தான் அந்தச் சக்கர பூட்ஸ் உலகப் பந்தயத் தொடருக்கு அழைப்பு வந்தது. ஒவ்வொரு நாடாகப் போய் ஓட வேண்டும், முதலில் பிரிஸ்பேன், அடுத்தது கொரியா, பிறகு ஐரோப்பா. பெரிய நாட்டுக்காரர்கள் மட்டும் ஓடினால் உலகம் என்று சொல்ல முடியாதாம், சின்ன நாட்டுக்கென்று ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்கள். விசா கொடுக்கிற துரை என்னையும் கூப்பிட்டு, பெண் திரும்பி வருவாளா என்று கேட்டான். கட்டாயம் வருவாள் என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஊறுகாய் கொடுத்து, கண்ணைச் சிமிட்டி, 'நல்லா ஓடு தாயி, திரும்பிப் பாக்காதே' என்றார்கள். ஒரு வாரப் பந்தயத்துக்கு உன் அண்ணி மூன்று ஸ்வெட்டர் வைத்தாள், பிறந்த சர்டிபிகேட்டையும் வைத்தாள். பந்தயத்துக்கு அது எதுக்குடி என்றேன். 'இருக்கட்டுங்க, வயசு கேப்பாங்க' என்றாள். நானும் தலையாட்டினேன். இந்த வீட்டில் ஒன்றும் தெரியாமல் இருந்தவன் நான் ஒருத்தன்தான்.

பந்தயத்தில் முன்னால் போனவர்கள் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்தார்களாம், பின்னால் வந்தவர்கள் எல்லாம் பிரேக் போட்டார்களாம். இவள் அதே ட்ராசா சரிவு மாதிரி இடுக்கில் பூந்து போய்ப் பதினொரு பாயின்ட் வாங்கிவிட்டாள். முதுகில் ஃபீஜி என்று எழுதியிருந்ததைப் பார்த்தும் ஒரு கிழவி, நீ இந்தியாவில் எந்தப் பக்கம், இந்தச் சட்டை ஏன் என்று கேட்டாளாம். இங்கே இருந்தால் இந்தியாவுக்குப் போ என்கிறான், அங்கே போனால் ஃபீஜி சட்டை ஏன் போட்டாய் என்கிறாள். இதற்கு நடுவே பிள்ளை ஓடி ஜெயித்திருக்கிறது, இதையும் வாசித்துக் காட்டு.

ஜெயித்தவள் என்ன செய்தாள், அப்பலசாமி கடைக்குப் போன் போட்டு, 'அப்பாகிட்ட சொல்லுங்க, பாயின்ட் மில் கயா' என்று பாதி இந்தியில் சொல்லியிருக்கிறாள், பாயின்ட் கிடைத்துவிட்டதாம். இந்த ஊரில் மே மாதத்துக்கு அப்புறம் பாயின்ட் என்றால் ஒன்றுதான். வயசுக்கு இத்தனை, இங்கிலீஷுக்கு இத்தனை, தச்சு வேலைக்கு இத்தனை, கூட்டிப் பார்த்துத்தான் வெளிநாட்டுக்காரன் உள்ளே விடுவான். கோயிலில் தீபாராதனை காட்டும்போதுகூட ஜனங்கள் வாய்க்குள் பாயின்ட் கூட்டுகிறார்கள். அப்பலசாமி கடையைத் திறந்துபோட்டுவிட்டு ரோட்டில் ஓடி, நடராஜன் மகளுக்கு ஆஸ்திரேலியா பாயின்ட் கிடைத்துவிட்டது என்று தமுக்கு அடித்துவிட்டான். பக்கத்து வீட்டுப் பொன்னம்மா லக்கடி மிட்டாய் கொண்டு வந்து, 'பதினொண்ணு போதுமாண்ணே, எம் மவனுக்கு அறுபது கேட்டாங்களே' என்றாள். அம்மா, இது ஓட்டப் பந்தய பாயின்ட் என்றேன். 'சரிண்ணே, நாங்க வெளிய சொல்ல மாட்டோம்' என்றாள். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்டா. என் மகள் பந்தயம் முடிச்சிட்டு வருவா, ஃபீஜி சட்டையோட இறங்குவா, பாருங்கன்னு. அத்தனை பேரும் அனுதாபமா தலையாட்டினாங்க. அடுத்த வாரம் உன் போன். ஊர் முட்டாள்தனமாப் புரிஞ்சிக்கிட்டது சரியாப்போச்சு, நான் சரியாச் சொன்னது பொய்யாப்போச்சு. இப்ப கோயில்ல நான் நின்னா, 'எமகாதகன், கடைசி வரைக்கும் வாயத் தொறக்கலியே' என்று மரியாதையாப் பாக்கிறாங்க.

தம்பி, எனக்கு நெஞ்சு எரிகிறது. எண்பத்தேழில் நீ போனாய், நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மண்ணில் நம் ஆட்கள் ஒருத்தராவது ஓடாமல் நிற்கணும் என்று நின்றவன் நான். அந்த ஒருத்தனின் ஒரே பிள்ளையையும் நீ எடுத்துக்கொண்டால் நான் யாருக்காக நிற்கிறேன்? கொரியாவுக்கு அனுப்பு. இல்லாவிட்டால் அடுத்த பிளேனில் நாந்தி ஏர்போர்ட்டுக்கு ஏற்றிவிடு. அவள் வராவிட்டால் எனக்குத் தம்பி என்று ஒருத்தன் பிறக்கவில்லை என்று எண்ணிக்கொள்வேன்.

இந்திராவதிக்கு என் ஆசீர்வாதம். உன் பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் நிறைய வயசு இருக்கட்டும். உனக்கு மட்டும் இந்த முறை ஆசீர்வாதம் இல்லை.

இப்படிக்கு,
உன் அண்ணன்
நடராஜன்

பி.கு: கவரை ஒட்டப்போகும்போது இசிகேலி வந்தான். நம் அப்பாவுக்கு நிலத்தை லீஸுக்கு விட்டாரே, இந்த மண்ணின் ஃபீஜிக்காரர், அவர் மகன். வழக்கம்போல், இடித்துக் கரைத்துக் குடிக்கிற நங்கோனா வேர்க்கட்டை முன்னால் வைத்து, பாயில் உட்கார்ந்தான். லீஸ் முடிந்துவிட்டது, அவன் ஆட்கள் திரும்பத் தரமாட்டார்களாம். நிற்கிற கரும்பை வெட்டிக்கொள்ளலாம். வீட்டுத் தகரத்தையும் கழற்றிக்கொள்ளலாம். சொல்லிவிட்டு அவன்தான் அழுதான், அதிலும் என்னை முந்திக்கொண்டான். போகும்போது ஷாயல் எங்கே என்று கேட்டான். பிரிஸ்பேன் என்றேன். 'வினாகா' என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் நன்றி சொன்னது, இடத்தைக் காலி செய்யப்போகிற எனக்கா, முன்னாலேயே போய்விட்ட அவளுக்கா தெரியவில்லை.

அவளை அனுப்பாதே. மேலே எழுதியது எதையும் வாசித்துக் காட்டாதே. அப்பா என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டால், பதினொரு பாயின்ட் வாங்கினதில் அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம், எந்த பாயின்ட் ஆனாலும் சேர்த்துக்கொண்டே போகச் சொன்னார் என்று சொல்.