மினிட் பாயும் வலது காலும்

‘உறுப்பினர் திரு மாதப்பன் தமது வலது காலால் கூட்டத்தில் கலந்துகொண்டார்.’

காரிமங்கலத்தில் எங்கள் ஊர்நலச் சங்கத்தின் கூட்ட நடவடிக்கைகளை எழுதும் மினிட் புத்தகத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது. கையெழுத்து என்னுடையது; அப்போது நான்தான் செயலாளர். புரட்டாசி மாதம், செவ்வாய்க்கிழமை. ஆண்டின் கடைசி இலக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. தருமபுரி தனி மாவட்டமான பிறகு, எழுபதாம் ஆண்டு பிறப்பதற்கு முன் என்பதுவரை சொல்லலாம். அதற்குமேல் ஊகித்தால் மினிட் பாய் கோபித்துக்கொள்வார்.

தும்முவதற்குக்கூட முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் தேடிய மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். தொழில் தகர வேலை: வாளி, புனல், கூரை. எங்கள் சங்கத்துக்குத் தலைவரும் அவரே. டீக்கடையில் யாராவது, “நேத்து உங்க தெருவுல சண்டையாமே பாய்?” என்றால், “மினிட்ல இருக்குங்களா? இல்லீல்ல? அப்ப நடக்கலீங்க” என்பார்.

சந்தைக்கு வருகிறவர்களுக்குச் சங்கம் தண்ணீர் வைக்கும் வாளி ஒருமுறை ஓட்டையானது. ஈயம் பற்றவைக்க அவருக்கு ஐந்து நிமிடம் போதும். நான்கு சந்தை போயிற்று; தொடவில்லை.

“கூலி வாங்குனா, தலைவரு சங்கத்துல சம்பாதிக்கிறாருன்னு ஆவும். வாங்காம செஞ்சா அது நன்கொடை. நன்கொடைய ஏத்துக்கத் தீர்மானம் வேணும். தீர்மானம் இல்லாம சங்கத்து வாளியில கை வெக்கிறவன், நாளைக்கு சங்கத்துப் பொட்டியில வெப்பானுங்க.”

தீர்மானம் நிறைவேறும்வரை ஜனங்கள் ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். சங்கம் நடத்திய பால்வாடிக்கு ஓலைக்கூரை. அது காற்றில் போய்விட்டது. தகரக்கூரை போட அரசு மானியம் கிடைக்கும். ஆனால் சங்கத் தீர்மானத்தோடு விண்ணப்பம் அன்று மாலைக்குள் தருமபுரி அலுவலகத்தில் இருக்க வேண்டும். தவறினால் ஐப்பசி மழைக்குப் பால்வாடியை மூடிவிட வேண்டியதுதான். ராஜம்மா டீச்சர் குழந்தைகளைப் புளியமரத்தடியில் உட்காரவைத்துவிட்டுச் சங்கத்து வாசலில் வந்து நின்றார்.

விதிப்படி ஏழு பேராவது சங்கத்துக்குள் இருந்து வாக்களிக்க வேண்டும். மற்றவர்கள் கடலைக்காய் பறிக்கப் போய்விட, அன்று வந்தவர்கள் சரியாக ஏழு பேர். நான் தீர்மானத்தைப் படிக்கத் தொடங்கியதும் பாய் எழுந்தார்.

“நான் வெளிய போறேனுங்க.”

“ஏன் பாய்?”

“கூரை வேலை எனக்குத்தான வரும்? என் வேலைக்கு நானே கை தூக்குறதுங்களா?”

“வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடலாம்.”

“வேற ஆளுன்னா கடத்தூர்க்காரன் ஒருத்தன்தான். அவன் என் மச்சான்.”

டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. “மழை உங்க தீர்மானத்தக் கேட்டுட்டா வரும்? நீங்க போனா ஆறு பேருதானுங்க!”

“தெரியும் டீச்சர். இருங்க” என்று சொல்லிவிட்டுப் பாய் தெருவில் இறங்கினார். பத்து மணி தருமபுரி பஸ் வந்துகொண்டிருந்தது. நடுத்தெருவில் இரு கைகளையும் விரித்து நின்றார். கண்டக்டர் மாதப்பன் எங்கள் உறுப்பினர்.

“மாதப்பா, உள்ள வா. ஒரு கை தூக்கணும்.”

“டியூட்டியில பஸ்ஸ வுட்டு எறங்கக் கூடாதுங்க பாய். அதுவும் ரூல்தானுங்களே!”

ரூல் என்றதும் பாய் மகிழ்ந்துவிட்டார். பஸ்ஸை எங்கள் வாசற்படியை உரசும்படி ஓரங்கட்ட வைத்தார். மாதப்பன் இடது காலைப் பஸ் படியிலும் வலது காலைச் சங்கத்துக்குள்ளும் வைத்துக் கையைத் தூக்கினார். பஸ்ஸில் இருந்தவர்களும் உற்சாகமாகத் தூக்கினார்கள்.

பாய் தெருவிலிருந்தே கத்தினார். “டிக்கெட் வாங்குனவங்க எல்லாம் கைய எறக்குங்க! உறுப்பினர் மட்டும்!”

“யோவ், கோர்ட்டுக்குப் போவணும், கால எடுய்யா!” என்றது பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு குரல்.

“எந்தக் காலு உள்ள இருக்குதுன்னு மறக்காம எழுதுங்க” என்றார் பாய் என்னிடம். எழுதினேன். விண்ணப்பம் அதே பஸ்ஸில் போனது.

மானியம் வந்தது. பாய் மறுத்துவிட்டதால் கடத்தூர் மச்சான் கூரை போட்டார். முதல் மழையிலேயே, குழந்தைகள் தூங்கும் மூலையில் ஒழுகியது. டீச்சர் வெள்ளிக்கிழமை புகார் கொடுத்தார். அடுத்த வியாழக்கிழமை கூட்டம் என்று பாய் தேதி குறித்தார். டீச்சர் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

திங்கட்கிழமை காலை பால்வாடியைத் திறந்தபோது, இரவெல்லாம் மழை பெய்தும் மூலை காய்ந்திருந்தது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். உள்ளங்கை அளவு தகர ஒட்டு. சுற்றிலும் ஈயம், ஊசி நுழையாத நேர்த்தி.

பாயிடம் போனேன். “கூரைய நீங்களா பாய்...?”

“மினிட்ல இருக்குங்களா?”

“இல்லைங்க.”

“அப்ப நடக்கலீங்க” என்று சொல்லி, கொப்புளம் கண்டிருந்த கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் கூரையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அந்த ஒட்டை வைத்தது யார் என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை. எத்தனையோ தேதிகளைத் துருவித் துருவிச் சரிபார்த்திருக்கிறேன். இதை மட்டும் சரிபார்க்க எனக்கு மனம் வரவில்லை.