நானே அழுதாலும் ஓடிபி சொல்லாதே

பிறத்தியாருக்குப் புத்தி சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வியாதி வரும். சம்பளம் கொடுக்காத இடத்திலும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு அது முற்றிப்போய், ஒருநாள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் மானம் போனது. மானம் மட்டும் போயிருந்தால் கமுக்கமாக இருந்திருப்பேன். என் தம்பியின் இன்ஜினியரிங் சீட்டும் அதோடு சேர்ந்து போகப் பார்த்தது.

சென்னையில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. ஊழியர்களை ஏசி அறையில் உட்காரவைத்து, 'தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள், பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதீர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்காதீர்கள்' என்று வகுப்பெடுப்பேன். (அவர்கள் தூங்குவார்கள். நான் பேசுவேன். மாசம் பிறந்தால் இரண்டு தரப்புக்கும் சம்பளம் வந்துவிடும்.) என் வகுப்பைக் கொட்டாவி விடாமல் கேட்ட ஒரே ஜீவன் என் அம்மாதான்.

எங்கள் ஊர் திருவெண்ணெய்நல்லூர் பக்கம். அப்பா போன பிறகு நிலம், மாடு, என் தம்பி சரவணன் என்று எல்லாவற்றையும் அம்மா ஒண்டியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொங்கலுக்குப் போனபோது மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து வகுப்பை ஆரம்பித்தேன்.

"இப்பல்லாம் கம்ப்யூட்டரே என் குரல்ல பேசும்மா. 'அம்மா, நான் கோமதி பேசறேன், அவசரம், உன் போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லு'ன்னு கேக்கும். புது நம்பர்லேர்ந்து வந்தா நீ சொல்லவே கூடாது."

"நீயே பேசினாலுமா?"

"நானே அழுதாலும் சொல்லாதே."

"அப்ப நெஜமாவே நீதான்னு எனக்கு எப்பிடிடி தெரியும்?"

"கேள்வி கேளு. ஃபேஸ்புக்ல இல்லாத விஷயமா, நம்ம வீட்டு விஷயமா கேளு. மூணு தப்பு பண்ணா லைனை கட் பண்ணிடு."

அம்மா தவிட்டுக் கையோடு தலையாட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சென்னைக்குத் திரும்பி ஆபீஸில் எல்லோரிடமும் சொன்னேன், 'எங்க அம்மாவை ஒருத்தனும் ஏமாத்த முடியாது' என்று. (முடியாதுதான். அதற்கு நானே சாட்சி.)

அந்த வருஷம் கவுன்சிலிங்கில் சரவணனுக்கு அவன் ஆசைப்பட்ட அரசாங்கக் கல்லூரியிலேயே இடம் வந்துவிட்டது. மறுநாள் சாயந்திரம் ஐந்து மணிக்குள் இணையதளத்தில் போய் 'சம்மதம்' என்று அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் சீட்டு அடுத்தவனுக்குப் போய்விடும். அவ்வளவுதான் வேலை.

"விழுப்புரம் போய் பிரௌசிங் சென்டர்ல பண்ணிட்டு வந்துடறேங்க்கா" என்றான்.

"அறிவிருக்காடா உனக்கு? கண்டவன் கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்டு போடுவியா? பேசாம இரு. நான் லீவு போட்டு வந்து என் லேப்டாப்ல பண்றேன்."

அதோடு விட்டேனா? அவன் வைத்திருந்த பாஸ்வேர்டு லட்சணமாக இல்லை என்று சொல்லி, நானே உள்ளே புகுந்து மாற்றினேன். புதுசு என்னவென்று அவனுக்கும் சொல்லவில்லை. பாவம், 'சரிக்கா' என்று போனை வைத்துவிட்டான். என்னை நம்பி இரண்டு பேர் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

மறுநாள் கிளம்பியதே லேட். பஸ் திண்டிவனத்தில் நின்றதும் பசி எடுத்தது. இடம் போய்விடக் கூடாதே என்று சீட்டில் பையைப் போட்டுவிட்டு இறங்கினேன். எல்லோரும் கைக்குட்டை போடுவார்கள், துண்டு போடுவார்கள். தகவல் பாதுகாப்பு நிபுணியாகிய நான் போட்டது லேப்டாப்பும், பவர் பேங்க்கில் செருகியிருந்த போனும் உள்ளே இருந்த பையை.

வேகவைத்த மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்பினால், பக்கத்தில் லுங்கியும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு பாய் ஊருக்கே கேட்கும்படி போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஏடிஎம்ல கார்டை சொருகிட்டியா? இப்ப நம்பரை சொல்றேன், ஜல்தியா அடி..."

சொல்லிவிட்டார். முழு நம்பரையும். பஸ் ஸ்டாண்டில் அதைக் கேட்காதது அங்கே படுத்திருந்த நாய் மட்டும்தான். என் வியாதி கிளம்பியது.

"சார், ஒரு நிமிஷம். இப்படி பப்ளிக்ல பின் நம்பரைச் சொல்லலாமா?"

"நம்ம மச்சான்தாம்மா" என்றார்.

"மச்சானா இருந்தா இன்னா சார்?" என்று ஆரம்பித்து, தெரியாதவர்களிடம் போனைக் கொடுக்கக் கூடாது, தெரிந்தவர்களையும் நம்பக் கூடாது என்று ஆபீஸில் சொல்வது அத்தனையும் விரல் மடக்கி ஒப்பித்தேன். நடுவில் அவர் கையைத் தூக்கி என்னவோ சொல்ல வந்தார். 'கேள்வியெல்லாம் கடைசியில்' என்று அடக்கிவிட்டுத் தொடர்ந்தேன். முடித்த பிறகுதான் கேட்டேன், என்ன கேள்வி என்று.

"இல்ல, அதோ போவுதே, அது நீங்க வந்த பஸ்ஸான்னு கேட்டேம்மா."

ஓடினேன். கத்தினேன். மல்லாட்டை சிதறியதுதான் மிச்சம். மணி நாலைத் தாண்டியிருந்தது. என் லேப்டாப், என் போன், எல்லாம் சுகமாக ஜன்னலோர சீட்டில் விழுப்புரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

திரும்பி வந்து, வெட்கத்தை விட்டு, அந்த பாயிடமே கையேந்தினேன். "சார், உங்க போனைக் கொஞ்சம் குடுக்கறீங்களா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தெரியாதவங்ககிட்ட போனைக் குடுக்காதேன்னு இப்பதானேம்மா சொன்னீங்க?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. தம்பி சீட்டைப் பற்றிச் சொன்னேன். "அட அல்லாவே, இன்னாம்மா இது பேஜாரு" என்று பதறிப்போய், அவரே பக்கத்துத் தெருவிலிருந்த பிரௌசிங் சென்டருக்கு என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். அவர் பெயர் பஷீர், ஊர் கோட்டக்குப்பம் என்பதெல்லாம் ஓடும்போது தெரிந்தது.

அங்கே கடைக்காரம்மா ஒருத்தி, ஜாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் காத்திருந்த கூட்டத்தை விலக்கி எனக்கு வழிவிட்டாள். ஆனால் கம்ப்யூட்டரை விடவில்லை. "கீபோர்டுல பாதி எழுத்து அழுத்தி அடிச்சாதான் விழும். என் கைக்குத்தான் அது படியும். நீங்க பாஸ்வேர்டை சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

இன்னொருவர் கம்ப்யூட்டர். இன்னொருவர் கை. சுற்றிலும் கூட்டம். குனிந்து அவள் காதில் கிசுகிசுத்தேன்.

"இன்னாது? சத்தமா சொல்லுங்க, ஃபேன் சத்தத்துல கேக்கல."

"என் மேனேஜர் ஒரு எருமை" என்றேன். "இடைவெளி இல்லாம."

கடை முழுக்கச் சிரித்தது. (இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வெளியே விடாதீர்கள். என் மெயிலுக்கும், பேங்க்குக்கும், ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் அப்போது அதே எருமைதான்.)

எருமை உள்ளே விட்டது. ஆனால் சம்மதத்தை அழுத்தியதும், பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. பதிவு செய்த எண் அம்மாவுடையது. நல்ல வேளை, எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரும் அதுதான். பாயின் போனில் காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில்தான் பேச முடியும். போட்டேன்.

"அல்லோ, யாரு?"

"அம்மா, நான் கோமதி பேசறேன். அவசரம். உன் போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லு."

ஒரு வார்த்தை மாறாமல் நான் பொங்கலுக்குச் சொல்லிக்கொடுத்த வசனம். அம்மா குரல் வீட்டுக்குள் திரும்பியது.

"டேய் சரவணா! அக்கா சொன்னாளே, அவன் வந்துட்டான்டா!"

லைன் கட்.

மறுபடி போட்டேன். "கட்டையில போறவனே! எம் பொண்ணு கொரல்லயே பேசறியா? போலீசுல சொல்றேன் இரு" என்றாள். எனக்குக் கோபம் வந்தாலும் யாரைத் திட்டுவது? "அம்மா, வெச்சிடாதம்மா, நானேதான்மா. வேணும்னா கேள்வி கேளும்மா" என்று கெஞ்சினேன்.

யோசித்தாள். "சரி. எட்டாவது படிக்கறப்போ ரேங்க் கார்டுல உங்கப்பா கையெழுத்தை யாரு போட்டது?"

கூட்டம் என்னைப் பார்த்தது. "நான்தாம்மா போட்டேன்."

"உன்னைப் பொண்ணு பாக்க வந்தாங்களே, ஏன் வேணாம்னு சொல்லிட்டாங்க?"

இதற்குப் பதில் சொல்லாமல் செத்துப்போகலாமா என்று இருந்தது. மணியைப் பார்த்தேன். "மாப்பிள்ளை போனை வாங்கிப் பாத்துட்டு, லாக் சரியில்லன்னு அரை மணி நேரம் பேசினேன். அதுக்குத்தான்."

"எனக்கு அப்பவே தெரியும்" என்று முணுமுணுத்தார் பஷீர் பாய்.

அம்மா கொஞ்சம் இளகினாள். ஆனால் முழுசாக இல்லை. "இதெல்லாம் ஊருல யாரு வேணாலும் சொல்லியிருப்பாங்க. கடைசியா ஒண்ணு. போன மாசம் நான் எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன்?"

போன மாசமா? ஆஸ்பத்திரிக்கா? எனக்கு ஒன்றுமே ஓடவில்லை.

"சுகர் டெஸ்ட்டுக்கா?"

"இல்ல."

"கண்ணு பாக்கவா?"

"இல்ல."

கடைக்காரம்மா எனக்காக வாயசைத்தாள், பல்லு, பல்லு என்று. "பல்லு?" என்றேன்.

இந்த முறை அம்மா திட்டவில்லை. "எம் பொண்ணா இருந்தா தெரிஞ்சிருக்கும். நான் அவகிட்ட சொன்னேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கடையில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாய் தரையைப் பார்த்தார். கடைக்காரம்மா மறுபடி ஓடிபி அனுப்பச் சொல்லி ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, எனக்கு ஒரு தண்ணீர் பாட்டிலை நகர்த்தினாள். அம்மா எப்போது சொன்னாள்? தினமும்தான் பேசுகிறோம். அவள் பேசுவாள், நான் அடுத்த நாள் வகுப்புக்குப் படம் ஒட்டிக்கொண்டே 'ம்... ம்...' என்பேன். உலகத்துக்கே அந்தரங்கத் தகவலைப் பாதுகாக்கச் சொல்லித்தருகிறவள், பெற்றவள் சொன்ன தகவலை ஒரு மாசம் பத்திரமாக வைத்திருக்கவில்லை. அவமானமாக இருந்தது. ஐந்துக்குச் சில நிமிஷமே இருந்தது. சரவணன் மூஞ்சியை எப்படிப் பார்ப்பேன் என்று அழ ஆரம்பித்துவிட்டேன்.

பாயின் போன் அடித்தது. அம்மா நம்பர்தான், பேசியது சரவணன்.

"அக்கா, அழுவாத. நம்பரை எழுதிக்கோ."

சொன்னான். கடைக்காரம்மா மொத்தக் கீபோர்டையும் குத்தினாள். திரை பச்சையாகி, இடம் உறுதி செய்யப்பட்டது என்றது. பட்டாவுக்கு வந்த பெரியவர் கை தட்டினார். பாய் 'மாஷா அல்லா' என்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"எப்பிடிடா நான்தான்னு நம்பின?"

"திருடனா இருந்தா நாலு பேரை விசாரிச்சுக்கினு வந்து கரெக்டா சொல்லியிருப்பாங்க்கா. அம்மா மல்லாட்டைக் கொல்லையில விழுந்து கையை உடைச்சுக்கினது ஊருக்கே தெரியும். தெரியாத ஒரே ஆளு நீதானே?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. கடை முழுக்கக் கேட்டது.

பை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில், டைம் கீப்பர் அறையில் பத்திரமாக இருந்தது. கண்டக்டர் ஒப்படைத்திருந்தார். ஊருக்குப் போகிற வழியில் போனை எடுத்து அம்மா அனுப்பிய வாட்ஸ்அப்பைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். இருந்தது. இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு அம்மா, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற படம். அதற்குக் கீழே நான் ஒரு கட்டைவிரலைப் போட்டிருந்தேன்.

வீட்டில் அம்மா ஒற்றைக் கையால் சோறு போட்டாள். கட்டு இன்னும் பிரிக்கவில்லை. "எனக்கு மொத கொரல்லயே நீதான்னு தெரிஞ்சிச்சி. நீதானே அழுதாலும் சொல்லாதேன்னே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

சரவணன் இப்போது மூன்றாம் வருஷம் படிக்கிறான். நான் யார் பிறந்தநாளையாவது மறந்தாலும், ஏதாவது கல்யாணத்துக்குத் தப்பான தேதியில் கிளம்பி வந்தாலும், சொந்தக்காரர்கள் முன்னால் அவன் சொல்வது ஒன்றுதான்: "சந்தேகமே வேணாம், அசல் எங்க அக்காதான்." அத்தைமார் உட்பட எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன வாரம் அம்மா ரத்த அழுத்தத்துக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். சாயந்திரம் வேலையை மூடிவைத்துவிட்டு நானே கூப்பிட்டேன். ஆபீஸ் மேஜை போனிலிருந்துதான். காலையில் எந்த மாத்திரை, ராத்திரி எது, உப்பு எவ்வளவு குறைக்கச் சொன்னார், மறுபடி எப்போது வரச் சொன்னார், எல்லாவற்றையும் தப்பில்லாமல் ஒப்பித்து, சரிதானே என்று கேட்டேன்.

"யாரு பேசறது?" என்றாள் அம்மா. லைன் கட்.