நாளைக்கு வாங்கினால் வெறும் பூ

உனைஸா நகரத்துக் கணவன்மார்களுக்கு அரசு ஆண்டுதோறும் ஒரு நாள் துணை நின்றது. பிப்ரவரி பதினான்கு அன்று சிவப்பை விற்பதும் சுமப்பதும் அணிவதும் மார்க்கத்துக்குப் புறம்பு என்று சுற்றறிக்கை வரும். பூக்கடை யஹ்யா ரோஜாக்களைப் பின்கட்டில் ஒளித்துவிட்டு, வெள்ளைப் பூக்களுக்கு நடுவே துக்க வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருப்பார். பெண்கள் கல்லூரியில் இலக்கியம் நடத்திய நான், அன்று மட்டும் விடைத்தாள்களைப் பச்சை மையில் திருத்துவேன். கலைந்துபோன கூடாரத்தின் தடத்தில் நின்று காதலன் அழும் அரபுப் பழம்பாட்டை நடத்தத் தடையில்லை. போய்விட்ட காதலி பாடத்திட்டத்தில் உண்டு. வந்து சேர்ந்தவள் இல்லை.

என் கணவர் முக்ரின் தொழுகைக்குத் தாமதமாகப் போனாலும் போவார், இந்தச் சுற்றறிக்கையை மீறமாட்டார். அன்று மாலை வெறுங்கையோடு, பெரும் சோகத்தோடு வீடு திரும்புவார்.

“கடை வாசல் வரைக்கும் போயிட்டேன், உம்மு ராகான்,” என்பார், மகன் பெயரைச் சேர்த்து என்னை அழைத்து. “ ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே.”

“நாளைக்கு வாங்குங்களேன். நாளைக்குத் தடை இல்லையே.”

“நாளைக்கு வாங்கினா அது வெறும் பூ.”

இதை மறுக்க என் பட்டங்கள் போதவில்லை. ‘அவர் வாங்கத்தான் நினைக்கிறார், அரசுதான் விடவில்லை’ என்று தங்கைகளிடம் பெருமையடித்துக்கொள்வேன். எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் இதையே சொன்னார்கள். உலகிலேயே அதிகம் காதலிக்கப்பட்ட பெண்கள் நாங்கள்தான். சான்று மட்டும் இல்லை. எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரே ஒரு பூ.

தலை நரைத்து, நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு வருஷம் சுற்றறிக்கை வரவில்லை. யஹ்யாவின் ரோஜாக்கள் நடைபாதை வரை வந்து நின்றன.

“சுற்றறிக்கை வழியில இருக்கும்,” என்றார் முக்ரின். காவா காப்பி ஆறிப்போயிற்று. பேரீச்சம்பழத்தைத் தொடவில்லை. நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும், “ஷேக் ஹுவைமிலைப் பார்க்கணும். வண்டியை எடு,” என்றார். அவருக்குக் கண்ணில் புரை. இப்போதெல்லாம் நான்தான் ஓட்டுகிறேன்.

ஷேக் ஹுவைமில்தான் வருஷா வருஷம் அந்தச் சுற்றறிக்கையில் கையெழுத்திட்டவர். அவர் அலுவலக வாசலில் எங்கள் தெருக் கணவன்மார்கள் முன்பே கூடியிருந்தார்கள். நான் காரில் இருந்தேன். ஜன்னல் திறந்திருந்ததால் பேச்செல்லாம் காதில் விழுந்தது.

“தடையைத் திரும்பப் போடணும், ஷேக்.”

“மார்க்கப் பிரச்சினையா?”

“குடும்பப் பிரச்சினை.”

“தடை இருந்தப்போ நீங்க எங்களைத் திட்டாத நாள் உண்டா?”

“திட்டினோம். ஆனா உதவியா இருந்துச்சு.”

ஷேக் பெருமூச்சு விட்டார். “என் வீட்டுலயும் காலையிலேயே ‘பூ எங்கே’ன்னு கேட்டாச்சு. என் கையில இப்போ அதிகாரம் இல்ல. மனு எழுதுங்க, மேலிடத்துக்கு அனுப்புறேன். குடும்பப் பிரச்சினைங்கறீங்க, அதனால மனைவிமார் கையெழுத்தும் வேணும்.”

முக்ரின் கையில் மனுவோடு காருக்கு வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தெருவைக் கடந்து யஹ்யாவின் கடைக்குப் போனார். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அந்தத் தெருவை அவர் கடந்து நான் பார்த்தது அன்றுதான்.

திரும்பி வந்து, சோதனைச் சாவடியில் அடையாள அட்டை நீட்டுவதுபோல ஒரு சிவப்பு ரோஜாவை நீட்டினார். இன்னொரு கையில் மனு.

“இதை வாங்கிக்க. அதுல ஒரு கையெழுத்துப் போடு.”

“பூவைத் தடை பண்ணச் சொல்லிக் கேட்க, பூவா?”

“சட்டத்துக்கு உட்பட்டுத்தானே கேட்கறேன்?”

ரோஜாவை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தேன், முள் குத்தியது. கியர் பக்கத்தில் தண்ணீர்ப் புட்டி வைக்கும் குழியில் செருகினேன்.

முக்ரின் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “சரி, எனக்கு என்ன வாங்கி வெச்சிருக்கே?”

அப்படி ஒரு கேள்வி இருப்பது எனக்கு அதுவரை தோன்றியதேயில்லை.

“மனுவைக் கொடுங்க,” என்றேன்.

பெண்கள் கையெழுத்துக்குப் பாதித் தாளைக் காலியாக விட்டிருந்தார்கள். கைப்பையைத் துழாவினேன். பழைய விடைத்தாள் பேனாதான் அகப்பட்டது. சிவப்பு மை.

முக்ரின் பதறிப்போனார். “சிவப்புல வேணாம். நாளைக்கு நீலத்துல போட்டுக்கலாமே.”

“நாளைக்குப் போட்டா அது வெறும் கையெழுத்து,” என்று சொல்லிவிட்டுப் போட்டேன்.