நேத்திக்கும் கல், நாளைக்கும் கல்

பம்பாயில் அந்த நாளில் எத்தனை ஜனம் இருந்ததோ, அத்தனை பேரையும் ஒரே ஆள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். நாற்பதுகளில், யுத்த சமயத்தில், மாதுங்காவில் எங்கள் மெஸ் மாடி ரூமில் எங்களோடு தங்கியிருந்தார். ரயில்வே குமாஸ்தா. சொந்தப் பெயர் எதுவோ, நாங்கள் வைத்த பெயர் சி.ஐ.டி.

தேங்காய் எண்ணெய்ப் புட்டியில் பென்சிலால் கோடு போட்டு வைப்பார். எண்ணெய் கோட்டுக்குக் கீழே இறங்கினால் எங்கள் ஐந்து பேர் தலையையும் முகர்ந்து பார்ப்பார். ரேஷன் அரிசிச் சோற்றில் கல் கடித்தால், "எனக்கென்னவோ சந்தேகமா இருக்கு ஓய், என் தட்டுல மட்டும் எப்படி வந்து விழறது?" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் காட்கோபரில் பெண் பார்க்கப் போக வேண்டும். அதற்கான மயில்கண் வேஷ்டி சலவைக்குப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை காலை வந்த தோபியிடம் கேட்டார். "கல் மிலேகா, சாப்" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

சி.ஐ.டி.க்கு ஹிந்தியில் தெரிந்ததே நாலு வார்த்தை. அதில் 'கல்' என்றால் நேற்று. "நேத்திக்கே குடுத்துட்டானாம்! அப்போ உங்கள்ல ஒருத்தர்தான். திறங்கோ பெட்டியை!"

சத்தம் கேட்டு, மெஸ் நடத்துகிற மாமா மேலே வந்து வாசலில் நின்றுகொண்டார். உத்தியோகம் இல்லாதவனுக்கு ரூமில் இடமில்லை என்பது மாமாவின் சட்டம். என் உத்தியோகம் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. தினமும் ஆபீசுக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்பி, தாதர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவேன். வேலையை விட்டு நிறுத்திய கடிதம் என் தகரப் பெட்டிக்குள் இருந்தது.

சி.ஐ.டி. விடுவாரா? என் பெட்டியைத் திறந்து, சட்டைகளுக்கு அடியில் கைவிட்டு, நேராக அதைத்தான் எடுத்தார். படித்தார். என்னைப் பார்த்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"என்ன ஓய் அது?" என்றார் மாமா.

"ஆத்துலேர்ந்து வந்த லெட்டர்." கடிதத்தை மடித்து உள்ளே வைத்துப் பெட்டியைச் சாத்தினார். "இவர்மேல எனக்குச் சந்தேகமே இல்லை."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததில் ரூமே ஆடிப்போய்விட்டது.

மறுநாள் தோபி மடித்த வேஷ்டியோடு வந்து நின்றான். "கல் போலா தா ந, சாப்?" நேற்றே சொன்னேனே என்கிறான். ஹிந்தியில் நாளைக்கும் அதே வார்த்தைதான், 'நாளைக்குக் கிடைக்கும்' என்றுதான் அவன் சொல்லியிருக்கிறான் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. சி.ஐ.டி. தலையில் அடித்துக்கொண்டார். "நேத்திக்கும் கல், நாளைக்கும் கல்! சாதத்துல இருக்கற கல்லு போறாதா ஓய்? எனக்கு இந்த பாஷைமேலயே சந்தேகமா இருக்கு!"

திங்கட்கிழமை காலை மாமா காதில் விழும்படி சி.ஐ.டி. ஒரு கத்தல் போட்டார். "எட்டரை ஆயிடுத்து ஓய், ஆபீசுக்கு நாழியாகலையா?" கத்திக்கொண்டே, மடித்த இங்கிலீஷ் பேப்பர் ஒன்றை என் கையில் திணித்தார்.

தாதர் பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தேன். 'ஆட்கள் தேவை' விளம்பரங்களில் எனக்குத் தோதான மூன்றின் கீழே, எண்ணெய்ப் புட்டியில் போடுவாரே, அதே பென்சில் கோடு. அத்தனை பேருக்கு நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கும் என் தலையில் இருந்தது அவருடைய எண்ணெய்தான்.