சுத்த சைவக் கோழியும் என் கல்யாணமும்

படித்த படிப்பை மாமனார் வீட்டில் காட்டக் கூடாது. அவர் இன்னும் மாமனாராகவே ஆகாதபோது காட்டவே கூடாது. இந்த ஞானம் எனக்கு வந்தது ஒரு முட்டையால்.

அப்போது நான் அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முட்டை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். (சிரிக்காதீர்கள். என் அம்மா போதுமான அளவு சிரித்துவிட்டார்.) கோழி எதைத் தின்றதோ அதன் தடயம் முட்டையில் தங்கிவிடும். நைட்ரஜனில் லேசானது, கனமானது என்று இரண்டு வகை உண்டு. ஐசோடோப்பு என்பார்கள். கடல் மீனில் கனமானது அதிகம். அதனால் தீவனத்தில் கருவாட்டுத் தூள் கலந்திருந்தால், முட்டையைக் காயவைத்துப் பொடியாக்கி இயந்திரத்தில் கொடுத்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். கோழியை விசாரிக்கவே வேண்டாம்.

சாந்தோமில், வாசலிலேயே மீன் குழம்பு மணக்கும் ஒரு கிறிஸ்தவ வீட்டில் பிறந்த நான் முருகேஷைக் காதலித்தேன். அவனுக்கு மேற்கு மாம்பலத்தில் வீடு, தி. நகரில் ஜவுளிக்கடை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பரம்பரைச் சைவம். மதம் வேறு என்பதைக்கூட அவன் அப்பா எப்படியோ ஜீரணித்துவிட்டார். மீனைத்தான் முடியவில்லை. "பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா மீன் திங்கிற வீடுல்லா?" என்று இழுத்துக்கொண்டே இருந்தார். நான் மீனை விட்டுவிட்டதாக முருகேஷ் மூலம் சொல்லி அனுப்பினேன். (உண்மைதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை.)

இத்தனைக்கும் அவரே, அதாவது மாமாவே, முட்டை சாப்பிடுகிறவர். டாக்டர் சொல்லிவிட்டதால் அது முட்டை இல்லையாம், மருந்தாம். ஆனால் மருந்து போடுகிற கோழி சுத்த சைவமாக இருக்க வேண்டும். அதற்காகவே மொட்டைமாடியில் கோழி வளர்த்தார். தீனி அரிசியும் கேழ்வரகும். அவற்றோடு முருகேஷின் அம்மா, அதாவது அத்தை, தொட்டியில் வளர்த்த அரைக்கீரை. கோழி ஏதாவது புழுவைக் கொத்தப் போனால் மாமா விளக்குமாற்றோடு பாய்வார்.

நல்ல பெயர் வாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று நினைத்தேன். போகும்போதெல்லாம் மாடிக்கு ஏறி என் கையாலேயே கோழிகளுக்குத் தீனி வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"மாமா, உங்க கோழி சைவம்னு லேப்ல நிரூபிச்சே காட்டறேன்" என்றேன். (மாமா, அத்தை என்று கூப்பிடுவதற்கு யாருடைய அனுமதிக்காகவும் நான் காத்திருக்கவில்லை.) அவர் முகம் மலர்ந்துவிட்டது. முட்டைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு, கீழே விழாமல் கொண்டுபோகச் சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

முடிவு வந்தது. கனமான நைட்ரஜன் எகிறியிருந்தது. கருவாட்டுத் தூள் தின்று வளர்ந்த பண்ணைக் கோழிகளையெல்லாம் மாமாவின் சைவக் கோழி தூக்கிச் சாப்பிட்டிருந்தது. மறுபடியும் சோதித்தேன். அதேதான்.

புத்தியுள்ள பெண்ணாக இருந்தால் இயந்திரம் பழுது என்று சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போயிருப்பாள். நான் ஆராய்ச்சியாளர் அல்லவா! நேராக மாம்பலம் போய், கூடத்தில் உட்கார்ந்து, காபியை வாங்கிக்கொண்டு அறிவித்தேன்.

"மாமா, உங்க கோழி மீன் சாப்பிடுது."

"என்னம்மா சொல்லுத?"

"கடல் மீன் மாமா. சந்தேகமே இல்ல. முட்டை பொய் சொல்லாது."

மாமா நிதானமாகக் கேட்டார்: "மாடிக்குப் போயி தீனி வச்சது யாரு?"

அந்த வீட்டுப் படியேறும் ஒரே மீன்காரி நான்தான். என் மீதான குற்றத்தை என் செலவிலேயே, என் ஆய்வுக்கூடத்திலேயே நான் நிரூபித்திருந்தேன்.

"நான் அரிசிதான் மாமா போட்டேன்."

"முட்டை பொய் சொல்லாதுன்னு நீதானம்மா சொன்ன?"

முருகேஷ் மின்விசிறியைப் பார்த்தான். (இன்றும் வீட்டில் ஏதாவது பிரச்சினை என்றால் அதைத்தான் பார்க்கிறான்.) எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அழுகையை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அப்போதுதான் அத்தை சமையலறை வாசலுக்கு வந்தார். "அந்தப் பிள்ளைய விடுங்க. கோழி சைவந்தான். கீரைதான் மீன் திங்கி."

யாருக்கும் புரியவில்லை. அத்தை உள்ளே போய், லேபிள் கிழித்த ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தார். வீடே பட்டினப்பாக்கம் மீன் சந்தை ஆனது. மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் மீன் அமிலம். மாடித் தோட்டக்காரர்கள் செடிகளுக்குத் தண்ணீரில் கலந்து விடுவது. அத்தையின் கைராசிக் கீரை என்று ஊரே புகழ்ந்தது இதைத்தான்.

மீன் கீரைக்குப் போய், கீரை கோழிக்குப் போய், கோழி முட்டைக்கு அனுப்பியிருக்கிறது. முட்டையைச் சோதிக்கிறவர் தீனியையும் சோதிக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் முதல் பாடம். நான் கீரையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப மாடில அடிச்ச வாடைக்கு, கீழ் வீட்டுக்காரன் மீன் வறுக்கான்னு நான் சண்டை போட்டது?" என்றார் மாமா, ஈனஸ்வரத்தில்.

"அப்ப நான் எப்படிங்க வாயத் திறக்க?" என்றார் அத்தை.

அத்துடன் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினேன்: "அந்தக் கீரையை நேரடியாச் சாப்பிட்டவங்க தலைமுடியை சோதிச்சாலும் ஓரளவு தெரியும் மாமா."

மாமா தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அங்கே சோதிக்க அதிகம் இல்லை. "சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் கட்டுக் கட்டாக் குடுத்துருக்கேனே" என்று முனகினார். பிறகு யோசித்தார். இந்த விஷயம் வெளியே போகக் கூடாது. தெரிந்த வெளியாள் நான் ஒருத்திதான். வெளியாளை வெளியே விடுவதைவிட வீட்டாள் ஆக்கிவிடுவது பாதுகாப்பு என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"உங்க அப்பா அம்மாவ என்னைக்கு வரச் சொல்லலாம்?" என்றார்.

இப்போது அவர் எனக்கு மாமனார். ரகசியத்தை அவரே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். விருந்தாளிகள் யாராவது "நீங்க சுத்த சைவமா?" என்று கேட்டால் மட்டும் நேராகப் பதில் சொல்வதில்லை. "நான் சைவம்" என்பார். "கீரையைப் பத்தி எதுவும் சொல்லுததுக்கில்ல."