சம்பங்கி கழுத்துக் காசு

இன்னொரு மழைக்காலம் இந்த மூங்கில் தட்டி வீட்டில் இருப்பதில்லை என்று சபதம் செய்தேன். செய்து முடிப்பதற்குள் கூரையிலிருந்து ஒரு சொட்டு மூக்கில் விழுந்தது.

நான் தசரதன். நந்திதுர்க் சுரங்கத்தில் தங்கம் சோதிக்கும் அறையில் உதவியாள். கல்லைப் பொடியாக்கி, உருக்கி, அதில் எவ்வளவு தங்கம் என்று சொல்வது எங்கள் வேலை. அங்கே தலைமை இடம் காலியாக இருந்தது. அந்த இடத்துக்கு ஓட்டு வீடும் உண்டு. ஆளைத் தேர்ந்தெடுப்பவர் எங்கள் துரை. துரைக்கு ரோமாபுரிக் காசு என்றால் பைத்தியம்.

அப்படி ஒரு பொற்காசு என் மனைவி சம்பங்கியின் கழுத்தில் தொங்கியது. துரை சொல்லிக்கொடுத்த அடையாளங்கள் எல்லாம் இருந்தன: தாடியில்லாத ராஜா தலை, சுற்றிலும் அந்நிய எழுத்து, ராஜாவின் கன்னத்தில் நம் நாட்டுக்காரர் யாரோ போட்ட உளி வெட்டு. துரைக்குக் கொடுத்தால் வீடு நிச்சயம். கேட்டுப் பார்த்தேன்.

"உசிரக் கேளுங்க, தர்றேன். எங்கம்மா குடுத்த காசக் கேக்காதீங்க" என்றாள்.

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது மட்டும் காசைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள். ஒரு வெள்ளிக்கிழமை மெழுகில் அச்சு எடுத்தேன். கடைத்தெருத் தட்டான் கோவிந்தன் பித்தளையில் வார்த்து முலாம் பூச ஒப்புக்கொண்டான். யாரிடமும் சொல்லாதே என்றேன். தலையாட்டினான். போலி சரியாக வரவேண்டுமே என்ற கவலையில் அந்த வாரம் முழுக்க அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளி, போலியை மாட்டிவிட்டு ஆணியிலிருந்ததை எடுத்தேன். கையில் லேசாக இருந்தது. பயத்தில் என் உடம்பே லேசாக இருந்ததால் சந்தேகப்படவில்லை. மலையையே உரசிப் பார்ப்பவன், மனைவி கழுத்துக் காசை உரசிப் பார்க்கவில்லை.

துரை பூதக்கண்ணாடியை வைத்தார். காசின் விளிம்பில் ஒரு கோடு. அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம் என்றார். முகத்தில் ஊசிமுனைக் குழிகள். வார்க்கும்போது காற்று சிக்கிய இடம் என்றார். ரோமாபுரியில் காசை அடித்துச் செய்தார்கள், வார்க்கவில்லை என்றார்.

வீடு போயிற்று, வேலையும் போயிற்று என்று நின்றேன். துரை சிரித்தார்.

அசலைப் புதன்கிழமையே என் மனைவி கொண்டுவந்து காட்டினாளாம். இதைக் கொடுத்தால்தான் வீடா என்று நேராகவே கேட்டாளாம். உன் புருஷனின் பதினாலு வருஷ வேலையே போதும் என்று சொல்லி, காசை எடைபோட்டு, படம் வரைந்துகொண்டு, திருப்பிக் கொடுத்துவிட்டாராம். வீட்டுச் சாவி அவளிடம் இருக்கிறதாம்.

வீட்டுக்கு ஓடினேன். சம்பங்கி பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பதினாலு வருசமா என் கழுத்தப் பாக்காத மனுசன், ஒரு வாரமா அதையே பாத்தீங்க. ஆசைன்னு ரெண்டு நாள் ஏமாந்தேன். மூணாம் நாள் கோவிந்தன் அண்ணன் கடைக்குப் போனேன். 'இன்னாம்மா, உனக்கும் ஒண்ணு வார்க்கட்டா?'ன்னு கேட்டாரு. சரின்னேன்."

ஆக, நான் மாட்டியதும் போலி, எடுத்ததும் போலி.

எனக்கு வெட்கமாகிவிட்டது. தப்புதான், பானைகளை எல்லாம் நானே புது வீட்டுக்குத் தூக்குகிறேன் என்றேன். அவள் வரிசையாக இருந்த பானைகளைப் பார்த்துச் சற்று யோசித்தாள்.

"புளிப்பானைய மட்டும் தூக்குங்க. அதுல காசு இல்ல."